புளியங்கொட்டை அளவு வெளிச்சம்

மச்சாள்,

உங்களுடைய டோர்ச்சை நேற்றுக் கடைக்குக் கொண்டுபோனேன். மாரி பிடித்துவிட்டது. மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். கைத்தொலைபேசியில் வெளிச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு கையில் வாளி, மறு கையில் அந்தக் கண்ணாடிச் சில்லு என்று மழைக்குள் கிணற்றடிக்குப் போக எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. அலுமாரியின் அடித்தட்டில் சேலைகளுக்குக் கீழே கிடந்ததை எடுத்தேன். மூடி இறுகிப்போயிருந்தது. துணியைச் சுற்றித் திருகியதும் துரு மணம் முகத்தில் அடித்தது. உள்ளே பற்றரி இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விரலை விட்டுப் பார்த்தேன்.

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கு இனி உயிர் வராதம்மா. ஸ்பிரிங் உக்கிப்போச்சி. புதுசு ஒண்ட எடுங்க" என்று கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். "இது ஆயிரம் லூமன். இங்க நிண்டு அடிச்சா ஆத்துக்கு அங்கால நிக்கிற மாட்டுட கொம்பு தெரியும்."

மாட்டின் கொம்பைப் பார்த்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்றேன்.

"அப்ப என்ன பாவனைக்கு?"

"அன்றாடப் பாவனைக்குத்தான். கிணத்தடிக்கு, படலைக்கு, மழைக்குள்ள பக்கத்து வீட்டுக்கு."

"அன்றாடப் பாவனைக்கெண்டா எவ்வளவு வெளிச்சம் வேணும்? அதச் சொல்லுங்க, அதுக்கேத்தத எடுத்துத் தாறன்."

வாய்க்குள் ஒரு பதில் வந்து நின்றது. அது உங்களுடைய பதில். "புளியங்கொட்டை அளவு" என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். இருந்ததில் சின்னதாக ஒன்றை வாங்கிக்கொண்டு, உங்களுடையதையும் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழி முழுக்க எனக்குக் கோபம். யார்மேல் என்று கேட்காதீர்கள். ஆளைச் சொல்ல முடிந்திருந்தால் இத்தனை வருடத்தில் அது தணிந்திருக்கும்.

என் அண்ணனைக் களவெடுத்துக்கொண்டு போனவ என்று உங்களைக் கேலி பண்ணுவேனே, நினைவிருக்கிறதா? நம்முடைய வழக்கப்படி ஆண்பிள்ளைதானே பெண்வீட்டுக்குப் போகிறான். அண்ணனும் ஒரு தகரப்பெட்டியோடு படுவான்கரைக்கு, உங்கள் தாய் உங்களுக்குத் தந்த வீட்டுக்கு வந்து, உங்கள் வட்டைக்குள் இறங்கி வேளாண்மை செய்யத் தொடங்கினார். நான் இந்தப் பக்கம், எழுவான்கரையில். நடுவில் வாவி. அதை நாம் யார் வாவி என்றோம்? ஆறு என்றுதான் சொல்வோம். பாதை என்று நாம் சொல்லும் அந்த இரும்பு மிதவையில் ஏறினால், போட்ட வெற்றிலையை மென்று துப்புவதற்குள் அக்கரை வந்துவிடும். சண்டை வந்த பிறகும் அதே தண்ணீர்தான், அதே பாதைதான். ஆனால் இக்கரையில் ஆமிக்காரர் சட்டம், அக்கரையில் இயக்கத்துப் பெடியள் சட்டம். இரண்டு பேரும் நம்மைக் கேட்டுச் சட்டம் போடவில்லை.

உங்கள் கரைக்குப் பற்றரி போகக்கூடாது என்பது எங்கள் கரைச் சட்டம். பற்றரி போனால் அதைக் குண்டுக்கு வைப்பார்களாம். ஆகவே துறையடியில் சோதிக்கிறவர்கள் டோர்ச்சின் மூடியைத் திறந்து பற்றரியைத் தட்டி எடுத்துவிட்டு வெறும் குழலைக் கையில் தருவார்கள். பொழுது பட்ட பிறகு வெளியில் வெளிச்சம் தெரியக்கூடாது என்பது உங்கள் கரைச் சட்டம். வெளிச்சத்தைக் கண்டால் மேலே சுற்றுகிற ஹெலியில் இருந்து சுடுவான், எங்கள் கரையில் இருந்து ஷெல் அடிப்பான். அதுவும் பொய்யில்லை. சுட்டார்கள், அடித்தார்கள். ஆனால் பாம்புக்கு எந்தச் சட்டமும் தெரியாதே. வரம்பில் நடப்பவன் காலடியைப் பார்க்கவேண்டாமா?

அதற்கு நீங்கள் கண்டுபிடித்ததுதான் புளியங்கொட்டை. கொப்பி மட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை போட்டு, டோர்ச்சின் கண்ணாடிக்குள் வைத்திருந்தீர்கள். முழங்காலுக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால் தரையில் ஒரு சின்ன வட்டம் விழும். அதற்கு வெளியே ஒன்றும் தெரியாது. நான் ஒருதரம் வந்தபோது, செத்த பற்றரிகளுக்குக் கொஞ்சம் உயிர் வரட்டும் என்று அவற்றை முற்றத்தில் செத்தல் மிளகாயோடு ஒரே பாயில் காயவைத்திருந்தீர்கள். "என்ன மச்சாள், இடிச்சிக் கறிக்குப் போடவா?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம், உங்கட அண்ணனுக்குத்தான். அப்பவாச்சும் அந்த மனிசனுக்குக் கொஞ்சம் உசார் வரட்டும்" என்றீர்கள்.

அன்று அந்தியில் என்னை வரம்பால் கூட்டிக்கொண்டு போனீர்கள். எனக்கு முன்னால் அந்த மங்கல் வட்டம் தத்தித் தத்திப் போனது. இது காணுமா, இவ்வளவு போதுமா என்று கேட்டேன். "காலடி தெரிஞ்சாக் காணும் புள்ள. அங்கால என்ன கிடக்கெண்டு பாத்து நாம என்னத்தச் செய்யப் போறம்? இது பாம்புக்குக் காட்டுற வெளிச்சம். மனிசனுக்குக் காட்டுறதுக்கில்ல." உங்கள் பெருவிரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. தூரத்தில் ஏதோ இரைந்தது. உழவு மெசினா, வேறு எதுவா என்று நான் காது கொடுப்பதற்குள் வட்டம் இல்லை. சுவிட்சைத் தள்ளி நூர்த்துவிட்டீர்கள். இருட்டுக்குள் குந்திக்கொண்டு, "ஒண்டுமில்ல, மெசின்தான்" என்றீர்கள். நான் பயந்துபோய் உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பயந்ததாகத் தெரியவில்லை. கண் இமைப்பது போல உங்கள் கை அதைச் செய்திருந்தது. உங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளையும் சத்தம் கேட்டால் விளக்கை ஊதும் என்று பிறகு சொன்னீர்கள்.

அந்த வருடம் வேளாண்மை வெட்டுக் காலத்தில் பன்றிக்காவலுக்குப் போன அண்ணனைப் புடையன் பாம்பு கடித்தது. கையில் டோர்ச் இருந்ததாம், பற்றரி இல்லையாம். வெயிலில் காயவைத்த பற்றரி எத்தனை நாளைக்கு எரியும்? ஊர்ப் பரிசாரி மருந்து கட்டினார். விடியப் பாதை ஓடத் தொடங்கும்வரை துறையில் மாட்டு வண்டிலுக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். இக்கரைக்கு வந்தபோது அண்ணனின் பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலும் உங்களைச் சோதித்தார்கள். டோர்ச்சைத் திறந்து, மட்டையைக் கண்டு, இது என்ன தந்திரம் என்று கேட்டு, அதைக் கிழித்துத் தண்ணீருக்குள் எறிந்தார்கள். "புருசன் சாகக் கிடக்கிறான், அவனுக்கு மட்டதான் கண்ணுக்குத் தெரிஞ்சது" என்று நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்.

அண்ணன் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். சிறுநீர் இறங்கவில்லை, பிழைப்பாரோ தெரியாது என்றார்கள். நீங்கள் என் வீட்டில் தங்கி, விடியச் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறி, பின்னேரம் நோயாளி பார்க்கும் நேரம் முடிந்து திரும்புவீர்கள். சோதனைச்சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறி பஸ் வந்து சேரும்போது பொழுது பட்டுவிடும். சந்தியில் இறங்கி, மதகுக்குப் பக்கத்தில் இருந்த காவலரணைக் கடந்து எங்கள் ஒழுங்கைக்கு வரவேண்டும்.

இங்கேதான் மறு சட்டம். விளக்கு வைத்த பிறகு ரோட்டில் போகிற எவரும் கையில் வெளிச்சம் கொண்டுபோகவேண்டும். ஒளித்து வருகிறவன் இருட்டில் வருவான், ஒளிக்க ஒன்றுமில்லாதவன் வெளிச்சத்தோடு வருவான் என்பது அவர்கள் கணக்கு. டோர்ச் இல்லாதவர்கள் போத்தல் விளக்கோடு போனார்கள், தென்னோலைச் சூளோடு போனார்கள். உயர்த்திப் பிடிக்கவேண்டும். கூப்பிட்டால் நின்று, வெளிச்சத்தைத் தன் முகத்துக்கே அடித்துக் காட்டவேண்டும். காவலரணுக்கு நேரே அடித்தால் அது வேறு குற்றம்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு வந்த கோபம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. "நான் என்ன கூத்தாடவா வந்தனான், மூஞ்சிக்கு வெளிச்சம் அடிச்சிக்கிட்டு நிக்க? பொம்பிளட மூஞ்சியப் பாக்க அவனுக்கு என்னகா அவ்வளவு ஆச?"

இருந்தும் பழகவேண்டியிருந்தது. நான் புதுப் பற்றரி வாங்கிப் போட்டுத் தந்தேன். முற்றத்தில் விளக்குமாற்றைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு நான் வேலியோரம் நிற்பேன். நீங்கள் கிணற்றடியிலிருந்து டோர்ச்சை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வருவீர்கள். "ஹோல்ட்! கவுத?" என்று கத்துவேன். நமக்குத் தெரிந்த சிங்களம் அதுதான். யார் அது என்று அர்த்தம். நீங்கள் வெளிச்சத்தை முகத்துக்கு அடித்து, கண்ணை முழித்து, நாக்கை நீட்டி, "உன்ட மாமி வாறன், கதவத் திறடா!" என்பீர்கள். புருசன் ஆஸ்பத்திரியில் கிடக்க நாம் அப்படிச் சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் நீங்கள் ஒருதரம் டோர்ச்சின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "இவ்வளவு வெளிச்சம் என்னத்துக்கு மச்சாள்? உடுப்பில்லாமல் நடக்கிற மாதிரி இரிக்கு" என்றீர்கள். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தானே நடந்தோம்.

நீங்கள் நன்றாகப் பழகிவிட்டீர்கள். காவலரணில் நின்றவர்களுக்கும் உங்கள் முகம் பழகிவிட்டது. ஒருவன் உங்களை அம்மே என்று கூப்பிட்டதாகக்கூடச் சொன்னீர்கள். அண்ணனுக்குச் சிறுநீர் இறங்கத் தொடங்கியது. அவர் சோறு கேட்டார் என்று ஒருநாள் ஓடிவந்து சொன்னீர்கள். அடுத்த கிழமை துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிடுவார்கள், ஆற்றைக் கடந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவருடைய சாரத்தை அடித்துத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு அன்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்.

பொழுது பட்டுக் கொஞ்ச நேரம். நான் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டுப் படலையடியில் நின்றேன். சந்தியில் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஒழுங்கை முனைக்கு வந்தேன், அங்கே நின்றால் மதகுவரை ரோடு தெரியும். வெளிச்சம் ஒன்று உயர்ந்து, ஆடாமல் வந்தது. பிடித்த பிடியிலேயே அது நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது ஆற்றுப் பக்கமிருந்து ஹெலியின் இரைச்சல். அது எங்களுக்குப் பெரிய விசயமில்லை. எங்கள் கரையில் அது எங்களைச் சுடுவதில்லை. ஆனால் அந்த வெளிச்சம் நூர்ந்தது.

மச்சாள், அதை எப்படி எழுதுவது? வந்துகொண்டிருந்த வெளிச்சம் இல்லை. அவ்வளவுதான். "நூக்காதீங்க!" என்று நான் கத்தினேன். ஹெலி என் சத்தத்தை விழுங்கிவிட்டது. பிறகு வெடி கேட்டது.

அதன்பின் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஏன் லைட்டை நூத்தவ? விசாரணைக்கு வந்த பெரியவர் கேட்டார். நான் சொன்னதை எழுதிக்கொண்டவர் பேனையை நிறுத்திவிட்டுக் கேட்டார். செத்தவீட்டுக்கு வந்த சனம் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு கேட்டது. "ஒளிக்க ஒண்டுமில்லாட்டி ஏன் நூக்கணும்?" என்று நம் சொந்தத்திலேயே ஒருத்தி கேட்டாள். அவளோடு நான் இன்றுவரை கதைப்பதில்லை, அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போவதில்லை. சுட்டவன் ஏன் சுட்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் பயத்தில்தான் சுட்டான் என்று பெரியவர் சொன்னார். இருக்கட்டும். பயந்தவன் கையில் துவக்கு இருந்தது, பயந்தவள் கையில் டோர்ச் இருந்தது. அந்தப் பயத்துக்கு விசாரணை முடிந்தது. உங்கள் பயத்துக்கு இன்னும் முடியவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காதவர் அண்ணன் ஒருவர்தான். விடிந்ததும் நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். கட்டிலில் எழும்பி இருந்தார், உங்களுக்காகத் தலை வாரியிருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஹெலி போனதா புள்ள?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணன்."

தலையை ஆட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ஊரில் வாழ்ந்தவருக்கு அது போதும்.

உங்களை உங்கள் மண்ணுக்குக் கொண்டுபோனோம். வெள்ளைத் துணியால் மூடிப் பாதை மிதவையில் வைத்திருந்தோம். அண்ணன் தலைமாட்டில் குந்தியிருந்தார், டோர்ச்சை மடியில் வைத்திருந்தார். அதை அவர் கையில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். துறையடியில் துணியை விலக்கிப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் டோர்ச்சைக் காட்டிக் கையை நீட்டினான். மூடியைத் திறந்தான். இரண்டு பற்றரியையும் தட்டி எடுத்தான். "பற்றரி போகேலா" என்று தமிழில், மரியாதையாகத்தான் சொன்னான். உங்களைக் கொன்ற அந்த வெளிச்சம் நீங்கள் செத்த பிறகும் ஆற்றைக் கடக்கக்கூடாதாம். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். சனம் என்னைப் பார்த்தது. உங்களுக்கு மட்டும்தான் அந்தச் சிரிப்பு விளங்கியிருக்கும்.

அக்கரையில் பெடியள் வந்தார்கள். பொழுது படுவதற்குள் எல்லாவற்றையும் முடிக்கச் சொன்னார்கள். உங்கள் பேரில் நோட்டீஸ் ஒட்டவேண்டும் என்று படம் கேட்டார்கள். அண்ணன் கொடுக்கவில்லை. அவளுடைய மூஞ்சிக்குப் போதுமானளவு வெளிச்சம் அடித்தாகிவிட்டது என்று சொன்னார். அவர்கள் அந்தக் கதைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் போய்விட்டார்கள். அடக்கத்துக்கு முன் உங்களைக் கிடத்தி வளர்த்தியிருந்த இடத்தில் வைத்த விளக்கின் வெளிச்சம் வெளியே போகாமல், அண்ணன் ஒரு பழஞ்சட்டியில் ஓட்டை போட்டு அதைக் கவிழ்த்து மூடினார். தரையில் ஒரு சின்ன வட்டம் விழுந்தது. உங்கள் அளவுதான். நான் அதைப் பார்த்துக்கொண்டே விடியும்வரை இருந்தேன்.

அண்ணன் அதன்பின் பல வருடம் இருந்தார். சண்டை முடிந்து பற்றரி எந்தக் கடையிலும் தொங்குகிற காலத்திலும் அந்த டோர்ச்சுக்கு அவர் பற்றரி போடவில்லை. ஏன் என்று ஒருதரம் கேட்டேன். "போட்டா எரியும் புள்ள" என்றார். அவர் போன பிறகு அது என்னிடம் வந்தது.

இப்போது மதகடியில் காவலரண் இல்லை. அந்த இடத்தில் தொலைபேசிக்குக் காசு போடும் ஒரு கடை. நீலமும் சிவப்புமாக விளக்கு ஓடிக்கொண்டிருக்கும். பாதை ஓடிய துறையிலும் எவரும் எவருடைய டோர்ச்சையும் திறந்து பார்ப்பதில்லை. இளசுகள் கையில் உள்ள தொலைபேசியால் கண்ட கண்ட இடத்துக்கு அடிக்கிறார்கள், நூர்க்கிறார்கள், கதைத்துக்கொண்டே மறுபடி அடிக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஏசவும் வருகிறது. எதற்கு ஏசுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்வதில்லை.

கடைக்காரரின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லையே, அதை உங்களுக்குச் சொல்கிறேன். எவ்வளவு பிரகாசம் என்பது பெரிய காரியமில்லை மச்சாள். புளியங்கொட்டை அளவும் காணும். ஒரு பெண் நடுரோட்டில் தான் நினைத்த இடத்தில் அதை நூர்த்தால் ஒன்றும் நடக்கக்கூடாது. அவ்வளவு இருந்தால் அது நல்ல டோர்ச்.

நேற்றுப் பின்னேரம் விளக்கு வைத்த பிறகு புது டோர்ச்சை எடுத்துக்கொண்டு தனியே போனேன். மின்சாரம் நின்றிருந்தது, மதகடித் தொலைபேசிக் கடையும் பூட்டியிருந்தது. நீங்கள் விழுந்த இடத்தில் நின்று, உங்களுக்காக அதை ஒருதரம் நூர்த்துவிட்டு வரலாம் என்பதுதான் எண்ணம். ரோட்டில் ஒரு குஞ்சுகூட இல்லை. வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. பெருவிரலைச் சுவிட்சில் வைத்தேன்.

உங்கள் விரல் உங்கள் கரையின் சட்டத்தை மறக்கவில்லை. என் விரல் என்னுடைய கரையின் சட்டத்தை மறக்கவில்லை. சட்டம் போட்டவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். சட்டம் மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது. மழை தூறத் தொடங்கும்வரை நின்று பார்த்தேன். பிறகு வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எரியவிட்டபடியே வீட்டுக்கு வந்தேன்.